வள்ளித்தாய் விட வேண்டிய பழம்

ஆடிச் சாரல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் அடுக்களையில் வள்ளித்தாய் குனிந்து பாத்திரம் கழுவினாள். நாத்தனார் உச்சிமாகாளி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"மௌனம்தான் நேத்தோட முடிஞ்சுதே மதினி... இன்னைக்காவது சொல்லுங்க. எதை விடப் போறீங்க?"

வள்ளித்தாய் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

கணவனுக்கு அறுபது நிறைந்ததும் தம்பதியாகக் குற்றாலத்தில் ஒரு மண்டலம் தங்குவது அந்தக் குடும்பத்து வழக்கம். அருவிக் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, பேச்சில்லாத பகல்கள். முடிவில் தென்காசி விசுவநாதர் சந்நிதியில், தனக்கு மிகவும் பிடித்த காயையோ பழத்தையோ ஆளுக்கொன்றாக ஆயுசுக்கும் விட வேண்டும். இருவரும் விட்டால்தான் விரதம் நிறையும். வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் என்ற இடம் கிடைக்கும்.

"அண்ணன் பாவக்காயை விடப் போறானாம். அதை அவன் என்னைக்குத் தின்னான்! சாமியையே ஏய்க்கப் பாக்கான்."

"ஏட்டி, எனக்குக் கேக்குது!" கூடத்திலிருந்து வள்ளித்தாயின் கணவர் சங்கரநாராயணன் குரல் கொடுத்தார்.

வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அவருக்குப் பிடித்தது கத்திரிக்காய். மாமனாருக்குச் சேனை, மாமியாருக்கு நேந்திரம்பழம், உச்சிமாகாளிக்குப் பலாச்சுளை. எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த மண்டலம் முழுக்க, அருவிச் சத்தத்தின் அடியில் நின்று தன்னைப் பற்றி யோசித்துப் பார்த்தாள். தனக்குப் பிடித்தது எது? யாரோ ஓர் அந்நிய மனுஷியைப் பற்றிக் கேட்பது போலிருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனோ ஆவலாகவும் இருந்தது.

வில்வண்டி தென்காசி போய்ச் சேர்ந்தது. மொட்டைக் கோபுர வாசலில் காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

சந்நிதியில் பட்டர் அவளிடம் கேட்டார். "அம்மா, நீங்க முதல்ல சொல்லுங்கோ. எதை விடறேள்?"

"எனக்குத் தெரியலை சாமி."

"மாம்பழம்னு சொல்லு வள்ளி," என்றார் சங்கரநாராயணன் அவசரமாக.

"அது எனக்குப் பிடிக்குமா?"

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். உச்சிமாகாளி கொதித்தாள். "எங்க அண்ணன் விரதத்தைக் கெடுக்கணும்னே நிக்கீங்களா? ஒரு பேரைச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்? எம்புட்டு ஆங்காரம்!"

வள்ளித்தாயின் கண்கள் நிறைந்தன.

"ஆங்காரம் இல்லம்மா... வாழ்க்கைப்பட்டு வந்த நாள்லருந்து எல்லாரும் தின்னு முடிச்ச பொறவு, மிஞ்சுனது எதுவோ அதைத் தின்னேன். பிடிச்சுதா, பிடிக்கலையான்னு பாத்ததில்ல. எங்கிட்ட இல்லாததை எப்படி விடுவேன்? சாமி முன்னால பொய் சொல்ல வாய் வரலையே..."

எண்ணெய் விளக்கின் திரி படபடத்தது. சங்கரநாராயணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவள் ஆசையாக எதையாவது தின்று ஒருமுறை... ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறோமா? நினைவைத் துழாவினார். அகப்படவில்லை.

"சாமி," என்றார் பட்டரைப் பார்த்து, "எனக்குப் பாவக்காய் வேண்டாம். முதப் பந்தியில உக்காந்து, சூடா, இவ பரிமாறத் திங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதை விடுதேன். இனி இவ தின்ன பொறவுதான் எனக்குச் சாப்பாடு."

பட்டர் விழித்தார். "அது காயும் இல்லை, பழமும் இல்லையே!"

"பிடிச்சதைத்தானே விடணும்?"

"சரி... அம்மாவுடையது?"

"அவ அடுத்த சாரலுக்கு வந்து விடட்டும். அதுவரைக்கும் என் விரதமும் பாதியிலயே நிக்கட்டும்."

"அய்யோ, பெரியவர்னு ஊரு ஒங்களை ஒத்துக்கிடாதே!" என்று பதறினாள் வள்ளித்தாய்.

"நான் இன்னும் ஆகலைட்டி."

உச்சிமாகாளி விம்மிக்கொண்டே மதினியைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க மதினி... பலாச்சுளையை நான் ஒருத்தியே தின்னு தீத்தேனே!"

மத்தியானம் குற்றாலத்தில் ஒற்றை இலைதான் விழுந்தது. வள்ளித்தாய் கூசிக்கொண்டே உட்கார்ந்தாள். சங்கரநாராயணன் சோற்றைப் பாதி இலையிலும் பாதி தரையிலுமாகப் பரிமாறினார். பிறகு கடைத்தெருவில் வாங்கிய மங்குஸ்தான் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, வெள்ளைச் சுளையை அவளிடம் நீட்டினார். விரலெல்லாம் கறை.

அவள் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். மெல்ல மெல்லச் சுவைத்தாள்.

"எப்படி இருக்கு மதினி?" உச்சிமாகாளிக்குப் பொறுக்கவில்லை.

"பொறு," என்றாள் வள்ளித்தாய். "இன்னொண்ணு தின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."