ஐந்தாம் தட்டுக் கீரை

செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் நடைபெறும் முதல் வேலை, வெட்டுக்கிளிகளுக்குக் கீரை ஆய்வதாகும். மனிதர்களின் காலையுணவு அதற்குப் பின்னரே.

காரணம் இருந்தது. மனிதரையும் வெட்டுக்கிளிகளையும் விட்டால், அங்கு உயிரோடு உலவியது ஓர் ஓணான் மட்டுமே. பூமியைக் கண்டிராத பிள்ளைகள் வரிசையில் நின்று அது தலையாட்டுவதைப் பார்த்துச் செல்வார்கள். அதற்கு இரை வெட்டுக்கிளி. வெட்டுக்கிளிக்கு இரை ஒளித்தோட்டத்துக் கீரையும் கேரட்டும்.

குளிரறையின் பொறுப்பு பொற்கொடியுடையது. அன்றன்று வரும் கீரையை ஈரத்துணியில் சுற்றித் தேதியெழுதி முதல் தட்டில் வைப்பாள். நாளுக்கு ஒரு தட்டாக அது நகர்ந்து, ஐந்தாம் தட்டை அடைந்த பிறகே வெட்டுக்கிளிகளுக்குப் போகும். இதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

ஆயினும் ஓணான் இளைத்துக்கொண்டே வந்தது. இப்போது முப்பத்தாறு கிராம். பன்னிரண்டு நாளில் நாற்பதை எட்டாவிட்டால் அதை உறைதுயிலில் ஆழ்த்திவிடுவதென்று மன்றம் முடிவுசெய்திருந்தது. முட்டையிலிருந்து அதை வளர்த்தவள் பொற்கொடி. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏவலன் என்னும் பணிப்பொறி தட்டுகளை ஆராய்ந்துவிட்டுச் சொன்னது:

"அம்மா, நாள்தோறும் புதிய கீரை வருகிறது. ஆனால் இங்குள்ள வெட்டுக்கிளி எதுவும் புதிய கீரையைத் தின்றதே இல்லை. சத்திழந்த கீரையைத் தின்ற வெட்டுக்கிளியில் ஓணானுக்கும் சத்தில்லை."

"பழசை வச்சிக்கிட்டுப் புதுசை எடுக்கச் சொல்றியா? அது வீணாப் போயிடாதா?"

"நாம் சேமித்து வைப்பதால்தான் அது வீணாகிறது. தட்டுகளில் உள்ளவற்றை ஒரே ஒரு முறை எருக்குழியில் கொட்டிவிடுங்கள். நாளை முதல் என்றும் புதியதே."

"வாய் கூசாமச் சொல்றே பாரு! நீ எங்கே கீரை ஆய்ஞ்சே, எங்கே குழம்பு வச்சே?"

இரண்டு நாள் மனத்தோடு போராடினாள். மூன்றாம் நாள் ஓணான் தலையாட்டவில்லை. பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து தட்டுகளையும் எருக்குழியில் கவிழ்த்தாள்.

எடைநாளில் தராசு நாற்பத்தொன்றைக் காட்டியது. பிள்ளைகள் கைகொட்டினர். மன்றத் தலைவரே அவளைப் பாராட்டினார்.

அன்று மாலை அவள் கணவன் கதிரேசன், தங்கள் பங்குக்குக் கிடைத்த முருங்கைக்கீரையோடு வீடு வந்தான்.

"இப்பத்தான் பறிச்சது. பொரியல் பண்ணிடு பொற்கொடி."

அவள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து, துவண்டு கிடந்த சிறுகீரைக் கட்டை வெளியில் எடுத்தாள்.

"திங்கட்கிழமை வாங்கினது இருக்குங்க. முதல்ல இதை முடிப்போம்."

"அடடா! ஓணான் வீட்டு வெட்டுக்கிளிக்கு மட்டுந்தான் புதுசா?"

"அது எடை குறைஞ்சா உறைய வச்சிடுவாங்க. நம்மளை யாருங்க நிறுத்துப் பார்க்கப் போறாங்க?"

கதிரேசன் கொணர்ந்த கீரையை ஈரத்துணியில் பக்குவமாகச் சுற்றி, தேதியெழுதி, முதல் தட்டில் வைத்தாள் பொற்கொடி.