மிதந்த துப்பாக்கி

துப்பாக்கி மிதந்தது. சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. பேசின் தண்ணீரில் அது ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு உதயகுமார் கையுறையைக் கழற்றினார்.

"இது போலிம்மா. தை மாசம் நான் பார்த்த அசல் தண்ணியில முழுகிச்சு. யாரோ மாத்திட்டாங்க."

கலைவாணி குனிந்து பேசினுக்குள் பார்த்தாள்.

அது ஒரு பொம்மையின் கைத்துப்பாக்கி. பொம்மையின் பெயர் கமாண்டர் ஜோர்வக். வெள்ளி உடுப்புப் போட்ட விண்வெளி வீரன், உள்ளங்கை உயரம். நாற்பது வருடம் முன்பு கலைவாணியின் மாமனார் கப்பல் வேலையிலிருந்து தன் மகன், அவள் கணவன் தேசப்பனுக்காக வாங்கி வந்தது. போன புயலில் பாதி வலைகள் போன பிறகுதான் அதை விற்கிற எண்ணமே வந்தது. பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்களுக்கு மதிப்புப் பார்த்துக் கொடுக்கும் உதயகுமார், சென்னையிலிருந்து இரண்டாம் முறையாக வந்திருந்தார். மூட்டு இறுக்கம், காலுக்குப் பின்னால் பதித்த வருடம், சாயம் என்று லென்ஸ் வைத்து எல்லாம் பார்த்தார். பொம்மை அசல். துப்பாக்கி மட்டும் போலி.

"துப்பாக்கி இல்லாத ஜோர்வக்கை எவனும் தொட மாட்டான். பாவம், வந்ததுக்கு ஏதோ ஒரு விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

தை முதல் பொம்மை பத்திரத்துக்காக இருந்தது தேசப்பனின் தம்பி பூபதி வீட்டுப் பீரோவில். அவ்வளவு போதாதா? தேசப்பன் நேரே போலீஸுக்குப் போனான். ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்த தம்பிமேல் அந்த மனுஷன் புகார் எழுதிக் கொடுத்தான். செய்தி ஊர்த் தலைவர் காதுக்கும் போயிற்று. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். திருட்டு உறுதியானால் பூபதிக்குப் பாடு கிடையாது. ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று ஊர் வகுத்த முறைதான் பாடு. அது போனால் அவன் வீட்டில் உலை வைக்க முடியாது.

மூன்று மணிக்கு எஸ்.ஐ. பிரின்சி வந்து சேர்ந்தாள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏரி சுண்டிக் கிடந்தது. கரைச்சேறு வெடித்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. செத்த மீன் வாடை வீட்டுக்குள் வரை வந்தது.

"பீரோ சாவி?" என்றாள் பூபதியிடம்.

"என்கிட்டதான் மேடம்."

"திறந்தியா?"

"துணி எடுக்கத் திறப்பேன். அந்தப் பொட்டியத் தொடல."

"வேற யாராவது?"

"யாருமில்ல." தனக்கே குழி வெட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்தும் அப்படித்தான் சொன்னான். பிரின்சி உதயகுமாரைக் காட்டிக் கலைவாணியிடம் கேட்டாள்.

"தை மாசம் இவர் எதுல போட்டுப் பார்த்தார்?"

"டம்ளர்ல. நல்ல தண்ணிதான் குடுத்தேன்."

"இன்னிக்கு?"

"பேசின்ல. தண்ணியில."

"நல்ல தண்ணியா?"

"இல்ல மேடம், தண்ணி. இன்னிக்கும் கேன்லருந்து ஊத்தினு வந்தேன். சார்தான், குடிக்கிற தண்ணிய வீணாக்காதீங்க, ஏரித் தண்ணி போதும்னாரு. நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுசன்னு நெனச்சேன்."

பிரின்சி இரண்டு டம்ளர் கேட்டாள். ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் ஏரித் தண்ணீர். துப்பாக்கியை முதல் டம்ளரில் போட்டு, ஒட்டிய குமிழிகளை விரலால் தட்டிவிட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்து இரண்டாவதில் போட்டாள். மிதந்தது.

"துப்பாக்கியை யாரும் மாத்தல, தேசப்பன். தண்ணியைத்தான் மாத்தியிருக்கார். ஏரி வத்த வத்த உப்பு ஏறுது. நல்ல தண்ணியில முழுகுற சாமான் இந்த உப்புல மிதக்கும். போலி, ரெண்டுலயும் மிதக்கும்."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் உதயகுமார். "நான் வெளியூர்."

"இந்த ஊர்ல வெறும் தண்ணின்னா உப்புத் தண்ணி. குடிக்கிறதுக்குப் பேர் நல்ல தண்ணி. உப்பைத்தான் எல்லாத்துக்கும் புழங்குறாங்க, அதனால பேசின்ல இருந்தது இவங்க கண்ணுக்கு உறுத்தல. ஆனா நல்ல தண்ணி உங்க கைக்கே வந்துச்சு. அதைத் தள்ளிட்டு ஏரித் தண்ணி கேட்டது நீங்க. மிதக்கவெச்சே போலி கண்டுபிடிக்கிற ஆளுக்கு உப்பு என்ன பண்ணும்னு தெரியாதா? தை மாசம் நேரா இருந்தீங்க. இவங்களுக்கு வலை பத்தாம கையில காசு ஓயட்டும்னு காத்திருந்து வந்தப்ப மனசு கோணிடுச்சு. ஒரு பேச்சுல அசலைப் போலியாக்கி, அடிமாட்டு விலைக்குத் தூக்கப் பாத்தீங்க."

உதயகுமார் லென்ஸை மடித்துப் பையில் வைத்தார். வைத்த பையைப் பிரின்சி வாங்கிக்கொண்டாள். கூட்டம் வேண்டாம் என்று ஊர்த் தலைவருக்கு அவளே போன் செய்தாள். பூபதியின் பாடு தப்பியது.

உதயகுமாரை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு மூவரும் வாசலில் நின்றார்கள். தேசப்பனுக்குத் தம்பி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"பூபதி, வாடா. சாப்பிடலாம்."

பூபதி அண்ணியைப் பார்த்தான். "அண்ணி, துப்பாக்கியக்கூட ரெண்டு தபா தண்ணியில போட்டுப் பாத்தாங்க. இவரு என்னை ஒரு தபா கேக்கல."

"தப்புதான் பூபதி. நானும் கேக்கல," என்று கலைவாணி அழுதாள்.

"நாளைக்கு நம்ம பாடு. படகுக்கு வேற ஆளக் கூட்டினு போ," என்றான் அண்ணனிடம். "நான் உன்கூட ஏறமாட்டேன்."

தம்பி கரையோரமாக நடந்து தன் வீட்டுக்குப் போனான்.