பக்கவாட்டுப் படம்

மதிய ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ், ஜன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒரு பெண் கிடப்பதைப் பார்த்தாள். இருமல் மருந்தென்று நினைத்துக் கழிவறை ஆசிட்டைக் குடித்துவிட்டாளாம். சொன்னது கணவன். உணவுக்குழாய் வெந்து, நெஞ்சுக்குள்ளே ஓட்டை விழுந்திருந்தது. கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் கசிந்த காற்று நறநறத்தது.

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. வயித்துக்குப் போகாது, ஓட்டை வழியா நெஞ்சுக்குள்ள இறங்கும். உயிரே போயிடும்," என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"சரிங்க சிஸ்டர்."

தலை பலமாக ஆடியது. கண் மட்டும் கட்டிலருகே இருந்த தண்ணீர் ஜாடியை விட்டு நகரவில்லை. ஏதோ உறுத்த, ஜாடியை அவளே எடுத்துப்போய் வெளியே வைத்தாள்.

மூன்று மணிக்கு வார்டு அடங்கிக் கிடந்தது. எங்கிருந்தோ வெந்த சதையின் புளித்த வாடை. வாடையைத் தொடர்ந்து போனாள். ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்தது.

விலக்கினாள்.

கணவனின் ஒரு கையில் டம்ளர். மறு கை மனைவியின் தாடையில்.

நர்ஸ் கத்துமுன் டம்ளர் எகிறி எதிர்ச்சுவரில் மோதியது.

"யாரோ... என் கையத் தட்டிவிட்டாங்க," என்றான். பல் தந்தியடித்தது.

காவலாளி அவனைப் பிடித்துக்கொண்டு போனார். போலீசுக்குத் தகவல் பறந்தது. நர்ஸ் குனிந்தாள்.

"இவர்தானே ஆசிட்ட ஊத்தினாரு?"

அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்தாள். காற்றாக ஒரு குரல் வந்தது.

"அக்காவுக்கும்... இதேதான்."

"எந்த அக்கா?"

"என் கூடப்பொறந்தவ. இவரோட மூத்த சம்சாரம். அவ செத்ததும் என்னக் கட்டிவெச்சாங்க." மூச்சு வாங்கினாள். "அக்கா எம்மேல கோவமா இருப்பான்னு நெனச்சேன், சிஸ்டர்."

எதிர்ச்சுவரடியில் கிடந்த டம்ளரை நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தார்கள். பக்கவாட்டுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிய டாக்டர் கடுப்பானார்.

"குறுக்க கைய வெச்சது யாரு?"

"ரூம்ல யாருமில்ல டாக்டர். அவங்க ரெண்டு கையும் தலைக்கு மேல இருந்துச்சு," என்றார் படம் எடுத்தவர்.

முன்னால் இதயம். பின்னால் முதுகெலும்பு. நடுவே உணவுக்குழாய் ஓடும் இடுக்கில், ஐந்து விரல்களின் எலும்பு, ஓட்டையைப் பொத்தியபடி.

மறுநாளும் எடுத்தார்கள். கசிவு பாதியாகக் குறைந்திருந்தது.

விரல்கள் விலகவில்லை.