துவைக்கும் கல்லில் இருந்த பெயர்

இரண்டாயிரத்து நாலில், இரும்புலியூரில் சாலையை அகலமாக்கும் வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஓரத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக்கல். தலையில் மூட்டையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற அந்தக் காலத்தில் நட்டது. கடப்பாரை போட்டு நான்தான் சாய்த்தேன். மேல்கல்லை வீட்டுக்குக் கேட்டேன்.

“இன்னாத்துக்குண்ணா? கோயிலு கட்டப் போறியா?” என்றான் மேஸ்திரி சேட்டு.

“தொவைக்க ஒரு கல்லு இல்லன்னு வூட்ல பேஜாரு பண்ணிகினு கீதுப்பா.”

மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தேன். ஒரு பக்கம் எழுத்து வெட்டியிருந்தது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு போகும் என்று அந்தப் பக்கத்தையே மேலே வைத்துப் பதித்தேன்.

மூன்று வருஷம் அதன்மேல் துணி அடித்தோம்.

இடையில், நாற்பத்தெட்டு வயதில், மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றேன். பஸ் பலகை, கடைப் பலகை எல்லாவற்றையும் நின்று படித்தேன். என் கொல்லைக் கல்லைப் படிக்க மட்டும் தோன்றவில்லை.

கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் ஜெயப்ரியா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். மூன்றாம் நாள், உச்சிவேளை. கொல்லையில் துணி அடிக்கும் சத்தம். மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி அடிப்பதுபோல. என் மனைவி புஷ்பம் அடுப்படியில் இருந்தாள்.

எட்டிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. கல் மட்டும் நனைந்திருந்தது. பச்சை மஞ்சளும் இரத்தமும் கலந்த வாடை.

உள்ளே ஜெயப்ரியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, இப்ப ஒரு அக்கா வந்தாங்க. என்ன மாதிரியே நெறமாசம். தலைல மூட்ட. ‘எறக்க எடமில்ல, நீ வாங்கிக்கிறியா’ன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அப்பலேர்ந்து வயித்துல அசைவே இல்லப்பா.”

புஷ்பம் ஆட்டோ பிடிக்க ஓடினாள். ‘எறக்க எடமில்ல’ என்றதும் நான் சாய்த்த சுமைதாங்கி நினைவுக்கு வர, கல்லுக்கு ஓடினேன். எழுத்தில் அடைந்திருந்த சோப்பை விளக்குமாற்றுக் குச்சியால் சுரண்டி, ஒவ்வொன்றாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

‘கிளியம்மாள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்ததற்கு அவள் தகப்பன் வைத்த சுமைதாங்கி தர்மம்.’

ஆட்டோவோடு திரும்பிய புஷ்பம் அதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ளய எறக்காம செத்தவ பாரம் எறங்கட்டும்னு வெக்கிறதுய்யா இது. இதுமேலயா என்னத் தொவைக்க வுட்ட?”

மகளுக்காக ஒரு தகப்பன் வைத்த கல். இன்னொரு மகளின் தகப்பன் நான் சாய்த்தேன்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். திரும்ப நட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கல் இரண்டாகப் பிளந்தது.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

“இனிமே எங்க எறக்குவேன்?”

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மண்டி போட்டுத் தலையைத் தாழ்த்தினேன்.

“என் தலைல வை தாயி. எம் பொண்ணு வாணாம்.”

கழுத்து நொறுங்கும்படி ஒரு பாரம் இறங்கியது.

உள்ளேயிருந்து ஜெயப்ரியாவின் குரல் வந்தது. “அப்பா, அசையுது.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

நான் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததில்லை. பாரம் தூக்கித் தூக்கி எலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் உச்சிவேளையில் தலைமேல் கனம் கூடும்போது, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறேன்.

சில நாள் அது உள்ளேயிருந்து உதைக்கிறது.