பின்னோக்கி நடந்தவள்

அவன் பாதையோரக் கயிற்றைத் தாண்டியதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அடுத்த நொடி அவள் மணிக்கட்டு அவன் கையில் இருந்தது.

"விடுங்க கையை."

விட்டான். நீலச் சட்டை, மழையில் நனைந்த தலை, எதையோ சொல்ல வந்து நின்றுபோன கண்கள்...

அழிந்துவரும் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காட்ட ஞாயிறுதோறும் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவள் வேலை. கூட்டத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்னோக்கி நடப்பாள். கயிற்றுக்கு வெளியே அது முட்டையிடும் செடிகள். அதன் புழு ஒன்று மிதிபட்டாலும் இந்த ஞாயிறு நடையையே நிறுத்திவிடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"கயித்தைத் தாண்டினா வெளியேதான். கிளம்புங்க."

எல்லோரும் பார்க்க, மறுபேச்சில்லாமல் போய்விட்டான்.

பிறகுதான் குனிந்தாள். அவள் குதிகாலுக்குப் பின்னால், பாதை நடுவே, பச்சைப் புழு ஒன்று சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஓரடி வைத்திருந்தால்... உள்ளங்கால் கூசியது. இலையில் ஏந்திச் செடியில் விட்டாள். அவனைத் திருப்பிக் கூப்பிட மனசு துடித்தது. கௌரவம் வாயைக் கட்டிப்போட்டது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"மடிச்ச துணியையே மடிக்கிறியே, யாருடி அது?" என்றாள் அக்கா.

"யாருமில்லை."

"யாருமில்லாததுக்கா இத்தனை மடிப்பு?"

அடுத்த ஞாயிறு தூறல். வரிசையின் கடைசியில் அதே நீலச் சட்டை... பக்கத்திலேயே மேலாளர். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் இன்னொரு வாரம் அந்தத் துணிகளோடு... அவளால் முடியாது.

"சார், போன வாரம் புழுவை மிதிக்கப் போனது நான். இவர்தான் தடுத்தார். இவரைப் போய் வெளியே அனுப்பிட்டேன்."

மேலாளர் முறைத்தார். "இனிமே உனக்குப் பின்னாடி பார்க்க ஒரு ஆள் வேணும். இல்லேன்னா இது நடக்காது" என்று உள்ளே போய்விட்டார்.

அவள் அவனிடம் வந்தாள். "அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க வேலை போயிடும். அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் யாரைப் பார்க்க வர்றது?"

"புழு எப்படிக் கண்ணுல பட்டுச்சு?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் நான், எப்பவும் குழி ஓரத்துல நிக்கிற வேலை. காலடியைப் பார்க்காம நடக்க மாட்டேன். அன்னைக்கு உங்களையே பார்த்துட்டிருந்ததுல கொஞ்சம் லேட்டாயிடுச்சு... அதான் கயித்தைத் தாண்டினேன்."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"எனக்குப் பின்னாடி நடக்குறீங்களா?"

"இன்னைக்கு மட்டுமா?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். முதல் அடியை வைக்குமுன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... இப்போ கீழே பாருங்க."