மூடிக்குள் ஒரு நட்சத்திரம்

அறிவியல் கண்காட்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. செம்பாக்கத்துப் பள்ளியின் ஏழாம் வகுப்பு அறையில், யூனிஸ் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவள் போல நின்றாள்.

அவளுடைய ஆராய்ச்சி சின்னதுதான். வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குவது சென்சார். டாடியின் கேமராவில் அது தபால்தலை அளவு. மம்மியின் ஃபோனிலோ சுண்டுவிரல் நகம் அளவு. இரண்டில் எது அதிக நட்சத்திரங்களைப் பிடிக்கும்? மொட்டை மாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரியன் கூட்டத்தை முப்பது விநாடி வீதம் ஒவ்வொரு படம் எடுத்தாள். கேமராவில் நாற்பத்து மூன்று, ஃபோனில் பதினெட்டு.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று நல்ல சிவப்பு. எந்த வரைபடத்திலும் அது இல்லை. டாடிக்கு இது போதாதா? அவள் டாடி தனசிங் எந்தச் சந்தோஷத்தையும் மூடி வைக்கத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, மகள் புது நட்சத்திரம் கண்டுபிடித்துவிட்டாள் என்று சாட்சியே சொல்லிவிட்டார். சபையே கை தட்டியது. அதைப் பார்க்க இன்று இரும்புலியூர் சபையிலிருந்து பதினைந்து பேர் வேன் பிடித்து வருகிறார்கள்.

வினை இப்போதுதான் வந்தது. ஒத்திகை பார்க்கலாமென்று முப்பது விநாடிக்கு வைத்து ஒரு படம் எடுத்தவள், பதற்றத்தில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாள். படம் கன்னங்கரேலென்று வந்தது. வலது ஓரத்தில் மட்டும், அதே இடத்தில், அதே சிவப்பு நட்சத்திரம்.

இன்னொரு படம் எடுத்தாள். அப்போதும் அது அங்கேயே இருந்தது.

அப்போதுதான் யூனிஸுக்குப் புரிந்தது. சென்சாரில் கோடிக்கணக்கான குட்டிப் புள்ளிகள் உண்டு. அதில் ஒன்று கெட்டுப்போய், வெளிச்சமே படாதபோதும் பட்டதாகப் புளுகிக்கொண்டிருக்கிறது. அவள் கண்டுபிடித்தது நட்சத்திரமே இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், அவ்வளவு பேர் முன்னால் டாடியின் முகம் என்னவாகும்? நினைக்கும்போதே அழுகை வந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மம்மியின் ஃபோனையும் உள்ளங்கையால் பொத்திப் படம் எடுத்துப் பார்த்தது. அதில் ஐந்து பொய்ப் புள்ளிகள்.

அப்படியென்றால் அட்டையில் எழுதியிருந்த இரண்டு எண்ணிக்கையுமே தப்பு.

சுபத்ரா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் இரண்டு கறுப்புப் படங்களையும் உற்றுப் பார்த்தார்.

"உங்க டாடிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம் மிஸ். நானே சொல்றேன்."

பழைய எண்களை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு, பதின்மூன்று என்று எழுதினாள். அதற்குள் வேன் வந்துவிட்டது. டாடி முன்னால் வர, எல்லாரும் அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அது நட்சத்திரம் இல்ல டாடி," என்றாள் யூனிஸ். "நான் தப்பா எண்ணிட்டேன்."

அவள் கேமராவை மூடிப் படம் எடுத்துக் காட்டினாள். மம்மியின் ஃபோனைப் பொத்தி எடுத்த படத்தையும், அதிலிருந்த ஐந்து புள்ளிகளையும் காட்டினாள். டாடியின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

யூனிஸ் மீதியையும் விளக்கினாள். வாய் ஏதோ சொன்னது, கண் வாசலிலேயே இருந்தது. யாரோ ஓர் ஆன்ட்டி கேள்வி கேட்டதுகூட அவள் காதில் சரியாக விழவில்லை. ஐந்து நிமிடம் ஒரு யுகமாகப் போனது.

பிறகு டாடி வேகவேகமாக உள்ளே வந்தார். தன் ஃபோனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கையால பொத்தி எடுத்தேன்மா. என்னுதுல ஏழு இருக்கு. மம்மி ஃபோனைவிட ரெண்டு ஜாஸ்தி. இதையும் எழுதிக்கோ."

ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி அத்தனை பெருமை அவர் முகத்தில். யூனிஸ் மூச்சை இழுத்துவிட்டு, பேனாவை எடுத்து, 'டாடி ஃபோன்: 7' என்று எழுதினாள்.

நிமிர்ந்து பார்த்தால், வேனில் வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு ஃபோனைப் பொத்திக்கொண்டு, முப்பது விநாடி முடியட்டுமென்று காத்துக்கொண்டிருந்தார்கள். சுபத்ரா மிஸ் சத்தமில்லாமல் இன்னோர் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.