பன்னிரண்டு டம்ளர் தண்ணீர்

முந்தின நாள் விளக்கு வைத்த நேரத்தில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளரிலும் விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி, சாமியறைக்கு அடுத்த சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள் சுகிர்தா. விடிந்து திறந்தபோது பதினொன்று அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் காலி. பூனை வந்திருந்தால் உருட்டியிருக்கும். கவிழ்ந்திருந்தால் தரை நனைந்திருக்கும். இந்த டம்ளரோ அடிவரைக்கும் உலர்ந்து, வைத்த இடத்திலேயே நின்றது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'வெல்வெட்' என்று வெட்டியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

தச்சநல்லூரில் பேர் வெட்டாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? சீரில் வந்த குத்துவிளக்கு முதல் குழம்புக் கரண்டி வரை யார் பேரையாவது சுமந்துகொண்டுதான் கிடக்கும். அவள் புருஷன் குமரவேலுக்கு யோசனை பிறந்ததும் அதில்தான். மகள் சித்ரலேகாவின் இதயத்தில் ஓட்டை. அந்த ஆபரேஷனுக்காக மணிமுத்தாற்றுப் பக்கம் இருந்த வயலை விற்ற பணத்தை, பெருகட்டும் என்று கிரிப்டோவில் போட்டான். பெருகவும் செய்தது. அந்தப் பெட்டகத்துக்குச் சாவி பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். சரியான வரிசையில் போட்டால் திறக்கும். ஒன்று இடம் மாறினால் சிவனே வந்து நின்றாலும் திறக்காது.

"பேப்பர்ல எழுதுனா கரையான் அரிச்சிரும். போன்ல வச்சா எவனாவது களவாண்டுருவான். எவர்சில்வர்ல வெட்டிப்போட்டா வெள்ளமே வந்தாலும் கெடக்கும்" என்று சொல்லி, ஒரு டஜன் டம்ளர் வாங்கி, டம்ளருக்கு ஒரு வார்த்தையாக வெட்டிக்கொண்டு வந்தான். 'பம்ப்கின்' என்பது எந்த ஊர்ச் சம்பந்தி என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டாராம். வரிசையை மட்டும் அவன் எங்கும் வெட்டவில்லை. திருடன் டம்ளரைத் தூக்கினாலும் பிரயோஜனம் இருக்காது என்று அதைத் தன் மண்டைக்குள் வைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான். லாரி வந்து மோதும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் வரிசையைச் சொல்லவில்லை. தண்ணி, தண்ணி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுகிர்தா கொடுக்கவில்லை. காய்ந்த நாக்கோடு போய்ச் சேர்ந்தான்.

இறந்தவருக்கு விளக்கடியில் தண்ணீர் வைப்பதும், பதினாறாம் நாள் விசேஷத்தோடு அதை நிறுத்திவிடுவதும் வழக்கம். அவளும் நிறுத்தியிருந்தாள். ஆனால் பிள்ளைக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அந்த டம்ளர்களை எடுத்து வைத்து, வெற்றுச் சுவரைப் பார்த்து, "ஒங்க தாகத்துக்குத் தாரேன். வரிசைய மட்டும் காட்டிருங்க" என்றாள்.

இரண்டாம் நாள் வெல்வெட்டோடு இன்னொன்றும் காய்ந்திருந்தது. மறுநாள் இன்னொன்று. ஒவ்வொரு விடியலிலும் புதிதாகக் காய்ந்த வார்த்தையை அவள் மனசுக்குள் கோர்த்துக்கொண்டாள். பிள்ளையைப் பார்க்க வந்த நாத்தனார் உலகம்மாளிடம் ஒருநாள் வாய் பொறுக்காமல் சொல்லியும்விட்டாள். உலகம்மாள் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

"பதினாறு கழிஞ்ச பெறவு தண்ணி வைக்கப்படாது ளா. போன உசுர வாசல்ல நிறுத்தாத."

"பிள்ளைக்காகத்தான் மதினி. அவுக காட்டித் தாராக."

"குடிக்கது அவந்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஆனாலும் அன்று சாயங்காலம் சுகிர்தா தண்ணீர் ஊற்றினாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அதற்குள் வீட்டில் வேறு மாற்றங்கள் தொடங்கியிருந்தன. அறையை நெருங்கும்போதே, கோடையில் வற்றிப்போன ஆற்று மணலில் வெயில் ஏறி, பாறையிடுக்கில் ஒட்டிய பாசி காய்ந்து வீசுவதுபோல் ஒரு வாடை வந்தது. பொழுது சாயும்போது சாத்திய கதவுக்கு உள்ளே எவர்சில்வர் பைய உரசுகிற சத்தமும், அதன் பின்னால் மூச்சு விடாமல் குடிக்கிற தொண்டையின் மடக், மடக் என்ற சத்தமும், குடித்து முடித்தும் ஆறாத ஒரு நீண்ட ஏக்கப் பெருமூச்சும் கேட்டன. குமரவேல் அப்படிக் குடிக்க மாட்டான். அண்ணாந்து, சத்தமில்லாமல் குடிப்பான். அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாள்.

பன்னிரண்டும் காய்ந்த காலையில் வார்த்தைகளை அதே வரிசையில் போனில் தட்டினாள். திறந்தது. வயல் பணம் அத்தனையும் இருந்தது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் பேசி நாள் குறித்தாள். டம்ளர்களைத் துலக்கி, பழைய சேலையில் சுற்றி, பரணில் போட்டாள். அன்று சாயங்காலம் அந்த அறையில் தண்ணீர் வைக்கவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டதே என்று நினைத்தாள்.

மறுநாள் உச்சி வேளை. கரண்ட் இல்லை. காற்றாடி நின்ற வீட்டில் வெயில் கூரையைப் பிளப்பதுபோல் இறங்கியது. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கலாம் என்று குழாயைத் திறந்தாள். இருமியது, நின்றுவிட்டது. காலையில்தான் தொட்டி நிறைந்திருந்தது. மண்பானையைத் திறந்தாள். உள்ளே வெடிப்பு விட்டிருந்தது. அடுப்பில் காய்ச்சி வைத்த பால் இல்லை. பாத்திரத்தின் அடியில் ஏடு மட்டும் தோலாக ஒட்டியிருந்தது. சாமியறைச் செம்பு காய்ந்திருந்தது. மூடி திறக்காத பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

பாசி வாடை இப்போது அந்த அறையில் இல்லை. கூடத்தில் இருந்தது.

"அம்மா, தண்ணி."

சித்ரலேகா பாயில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. சுகிர்தா பரணில் ஏறி மூட்டையை இழுத்தாள். டம்ளர்கள் சிதறி உருண்டன. ஊற்ற ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடலாம் என்று பிள்ளையைத் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை. ஏதோ பிள்ளையின் மேல் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தது.

"வச்சிருதேன். தெனமும் வச்சிருதேன். பிள்ளைய விட்டுருங்க."



மடக்.

பிள்ளை அழுதாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. பாதிக் கன்னத்தில் நின்றது. அந்த இடத்தில் ஒரு வாயளவுக்குத் தோல் உள்வாங்கியது. சொட்டைக் காணோம். பள்ளம் பைய நகர்ந்து கண்ணோரத்துக்கு ஏறியது.